'யோசிக்க' என்று 31 முறை: வீட்டிலேயே பாடம் நடத்தும் ஒரு குடும்பத்தின் உணவுப் பழக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குப் பொருளாக இருப்பவனும் இதை எழுதுபவனும் ஒருவனே என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுவர்களுக்கான படக்கதைகளுக்கு ஓவியம் வரைவது என் தொழில். மனைவி வெளியே வேலைக்குப் போகிறார். 11 வயது மகளுக்கும் 6 வயது மகனுக்கும் மூன்று ஆண்டுகளாக வீட்டில் நான்தான் பாடம் நடத்துகிறேன், பகல் சமையலும் என் பொறுப்பே. தன்னைத் தானே ஆராய்பவன் தனக்குச் சாதகமாகவே எழுதுவான் என்ற ஐயம் வாசகருக்கு எழும். எனக்கும் அது இருந்தது. ஆயினும் முதல் பதிவை எடுத்தது நான் அல்ல, மகள். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

புள்ளிவிவரம் சேகரித்துப் பட்டை வரைபடம் வரைவது அவளுடைய அந்த மாதத்துக் கணிதப் பாடம். எதைப் பற்றி வேண்டுமானாலும் ஒரு வாரம் எண்ணிக் குறித்து வரலாம் என்று சொல்லியிருந்தேன். மழை, வெயில், தெருவில் போகும் வண்டிகள் என்று ஏதாவது எடுப்பாள் என நினைத்தேன். அவளோ, வேளைச் சாப்பாடு தவிர வீட்டில் யார், எப்போது, எதைத் தின்னச் சமையலறைக்குப் போகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டாள். நான்காவதாக 'ஏன்' என்றொரு பத்தியையும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஆளை நிறுத்திக் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதினாள்.

ஏழு நாளில் 118 வரிகள் சேர்ந்தன. அவற்றில் என்னுடையவை 47, மகனுடையவை 41, அவளுடையவை 21, மனைவியுடையவை 9. காரணப் பத்தியில் 'பசி' என்று இருந்தவை மொத்தமே 23 வரிகள். மகன் பெரும்பாலும் 'சும்மா' என்று சொல்லியிருந்தான். என் வரிகளில் 'பசி' 6 இடங்களில் மட்டுமே இருந்தது, 31 இடங்களில் 'யோசிக்க' என்று இருந்தது. வரைபடத்தை என்னிடம் நீட்டியபோது அவள் கேட்டது இதுதான்: "அப்பா, யோசிக்கப் போறேன்னு 31 தடவை சொன்னீங்க. யோசிச்சீங்களா?"

பின்னணி

அந்த வாரம் நான் எதையும் வரையாமல் இருந்த பதினோராவது வாரம். ஒப்புக்கொண்டிருந்த 24 பக்கப் படக்கதையில் ஒரு பக்கமும் நகரவில்லை. கை வராத காலம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் முன்பு இரண்டு முறை வந்து போயிருக்கிறது. இந்த முறை நான் செய்த பிழை, வீட்டின் நேரத்தை அதற்குத் தின்னக் கொடுத்தது. தெளிவாக இருக்கும் காலைப் பொழுதில் வரைந்து பார்க்கலாம் என்று ஒன்பது மணிப் பாடத்தைப் பத்துக்குத் தள்ளினேன், பிறகு பத்தரைக்கு. பாடம் தள்ளிப்போனதால் மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. சாப்பாடு தள்ளிப்போனதால் பிள்ளைகள் இடையில் எதையாவது கொறித்தார்கள், கொறித்ததால் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார்கள், மிச்சம் வைத்ததால் நான்கு மணிக்குள் மறுபடியும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மணி அடிக்கும். சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டு, டப்பாவில் வைத்துக் கொடுத்தது தீர்ந்தால் அதோடு தீர்ந்தது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கோ சமையலறை பத்தடி தூரத்தில் இருக்கிறது, ஆசிரியரும் சமையல்காரரும் ஒரே ஆளாக இருக்கிறார். இந்த ஒரே ஆள் என்ற நிலைமைதான் எங்கள் வீட்டில் வேறொரு பழக்கத்தையும் உண்டாக்கியிருந்தது. மகன் ஒரு பக்கம் கூட்டல் கணக்கை முடித்தால் ஒரு பிஸ்கட், எழுத்துப் பயிற்சி முடித்தால் இரண்டு என்று நான் கூலி கொடுத்து வந்தேன். தொந்தரவில்லாமல் பாடம் நகர்ந்ததால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. லீன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980-ல் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், ஒரு தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்துவந்தால் அதன் மேல் பிள்ளைகளுக்கு விருப்பம் கூடுகிறது என்று கண்டார்கள். கூட்டல் கணக்கைப் பிடிக்கவைப்பதாக எண்ணி நான் பிஸ்கட்டைத்தான் பிடிக்கவைத்திருக்கிறேன். என் 47 வரிகளும் இதே வழக்கத்தின் நீட்சி என்றே இப்போது கருதுகிறேன்: பக்கத்தை முடித்தால் கூலி என்பது பிள்ளைகளுக்கு, பக்கமே இல்லாமல் கூலி எனக்கு.

முதல் ஊகமும் அதனால் வந்த வினையும்

அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கத்தோடு ஒரு நம்பிக்கையும் வந்தது. உணவுதான் கோளாறு, உணவைத் திருத்தினால் கை வந்துவிடும் என்று எண்ணினேன். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்ற செய்தி என் ஊகத்துக்கு வசதியாக இருந்தது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு அதைவிட வசதியாக இருந்தது. இளம் வயதினர் 405 பேர் 13 நாள் நாட்குறிப்பு எழுதினார்கள், பழமும் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் ஆர்வமும் படைப்பூக்கமும் கூடுதலாக இருந்ததாகத் தெரிவித்தார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிறுவும் ஆய்வு அல்ல. மனம் மலர்ந்திருக்கும் நாளில் மனிதர் பழம் நறுக்கிச் சாப்பிடும் பொறுமையோடு இருப்பார் என்றும் அதைப் படிக்கலாம். அந்தப் பக்கத்தை நான் படிக்க விரும்பவில்லை.

ஒரே மாலையில் அலமாரியைக் காலி செய்தேன். பிஸ்கட், சிப்ஸ், இனிப்புப் பானம் எல்லாம் போயின. தட்டில் வைத்த காய்கறியை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று விதியும் போட்டேன். இந்த ஏற்பாடு ஒன்பது நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் மகனுடைய கட்டைப் பெட்டிக்குள், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்து ஒளித்துவைத்த பிஸ்கட் பொட்டலம் கிடைத்தது. மகள் எதையும் ஒளிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதுவும் ஆய்வாளர்கள் முன்பே கண்டதுதான். ஃபிஷரும் பிர்ச்சும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்துக் கைக்கு எட்டாமல் தடுத்தபோது, சிறுபிள்ளைகளின் பேச்சும் கையும் அதையே சுற்றி வந்தன. 2006-ல் பிர்ச்சின் குழுவினர் மழலையர்க்குச் சூப் கொடுத்துச் சோதித்தபோது, 'முடித்துவிடு' என்று வற்புறுத்தப்பட்ட வேளைகளைவிட வற்புறுத்தப்படாத வேளைகளில் பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், குறையும் குறைவாகவே சொன்னார்கள். தடுத்தது ஒருபுறமும் திணித்தது மறுபுறமுமாக, செய்யக் கூடாதவை என்று அறியப்பட்ட இரண்டையும் நான் ஒரே வாரத்தில் செய்து முடித்திருந்தேன்.

சர்க்கரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகன் இனிப்புத் தின்றால் ஆட்டம் போடுகிறான், பாடத்தில் உட்காருவதில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. ஹூவரும் மிலிச்சும் 1994-ல் 5 முதல் 7 வயதுள்ள 35 சிறுவர்களையும் அவர்களுடைய தாய்மார்களையும் வைத்துச் செய்த சோதனையைப் படித்தபின் அந்த நம்பிக்கை ஆடிப்போயிற்று. எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரை இல்லாத பானமே கொடுக்கப்பட்டது. ஆனால் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொல்லப்பட்ட தாய்மார்கள், தங்கள் பிள்ளை அதிகத் துடிதுடிப்பாக இருப்பதாக மதிப்பிட்டார்கள், பிள்ளையை விட்டு விலகாமல் கூடவே நின்றார்கள். சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்றே 1995-ல் வெளிவந்த தொகுப்பாய்வும் முடிவு கூறியது. பல்லுக்கும் உடலுக்கும் அதனால் கேடு உண்டு, அது வேறு கணக்கு. மகன் பாடத்தில் உட்காராததற்குச் சர்க்கரையைக் குற்றம் சாட்டியதால், பாடம் பத்தரைக்குத் தொடங்கியதை நான் கேள்வி கேட்காமல் விட்டிருந்தேன்.

மணி

பத்தாம் நாள் மனைவி தலையிட்டார். அவர் பேசியது உணவைப் பற்றி அல்ல. "அலமாரியைப் பூட்டுறதுக்குப் பதிலா கடிகாரத்தைப் பாருங்க" என்றார். இந்த வீட்டில் எதுவுமே எந்த நேரத்திலும் தொடங்குவதில்லை, எந்த நேரத்திலும் முடிவதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. நாளெல்லாம் வீட்டில் இருக்கும் எனக்கு அது தெரியவில்லை, காலையில் போய் மாலையில் திரும்பும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980-களில் வகுத்த பொறுப்புப் பிரிவினையைத்தான் இதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த விதியில் கடினமான பகுதி இரண்டாவது பாதிதான். மகன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு 'போதும்' என்று எழும்போது, வாயை மூடிக்கொண்டு இருப்பது பெற்றவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது செய்து பார்த்தவருக்கே தெரியும்.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி வேளை, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும் என்று ஏற்பாடு செய்தோம். ஒரு பித்தளைக் கைமணியை மகனிடம் கொடுத்து, நேரம் பார்த்து அடிக்கும் பொறுப்பையும் அவனிடமே விட்டோம். கடிகாரம் பார்க்க அதுவரை தடுமாறிக்கொண்டிருந்தவன் நான்கே நாளில் கற்றுக்கொண்டான். எதிர்பாராமல் கிடைத்த ஆதாயம் இது. பிஸ்கட் அலமாரிக்குத் திரும்பி வந்தது, ஆனால் பாடத்துக்குக் கூலியாகக் கொடுப்பது நின்றது. வாரத்தில் இரண்டு சிறுதீனி வேளைகளில் மற்ற உணவுகளோடு சேர்ந்து அதுவும் தட்டில் வரும், வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை மகன் ஒன்பது எடுத்தான். மூன்றாம் வாரத்தில் மூன்றோடு நிறுத்தி விளையாடப் போய்விட்டான்.

பிடிக்காத காய்கறியைப் பழகிய உணவுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி அளவு மட்டும் வைத்து, அதைப் பற்றிப் பேசாமல் விட்டோம். புதிய சுவை ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரையும் அது தட்டில் வர வேண்டியிருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலான பெற்றோர் மூன்றாவது நான்காவது முறையிலேயே 'இவனுக்கு இது ஆகாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நான் வைத்த நான்கு காய்களில் ஒன்றை மகன் பதினோராம் முறை தொட்டான். மற்ற மூன்றும் இந்த ஆய்வு முடியும்வரை தட்டில் வந்தபடியே திரும்பிப் போயின.

பாடங்களிலும் கொஞ்சம் மாற்றம் வந்தது. மகள் விழுக்காட்டுக் கணக்கைப் பொட்டலச் சீட்டுகளிலிருந்து போடத் தொடங்கினாள். உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு இவை 50 கிராமும் 25 கிராமும் ஆகும். 100 மில்லிலிட்டருக்கு 10.6 கிராம் என்று போட்டிருந்த பானம் ஒன்றின் அரை லிட்டர் பாட்டிலில் 53 கிராம் வருகிறது என்று அவள் கண்டுபிடித்து, 13 தேக்கரண்டிச் சர்க்கரையை அளந்து ஒரு கிண்ணத்தில் கொட்டிக் காட்டினாள். இந்த ஒரு கணக்கோடு நான் நிறுத்திக்கொண்டேன். பதின்வயதை நெருங்கும் பெண்ணைத் தினமும் கலோரி எண்ணவைப்பது நான் விரும்பாத வேறொரு வாசலைத் திறக்கக்கூடும். அதே எச்சரிக்கையால்தான் இந்த ஆய்வில் யாருடைய எடையையும் அளக்கவில்லை.

என் காபியையும் சொல்ல வேண்டும். நாளுக்கு ஆறு கோப்பை, கடைசிக் கோப்பை இரவு ஒன்பதுக்கு. உடலில் சேரும் காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்ட 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மதியம் இரண்டுக்கு மேல் காபி இல்லை, நாளுக்கு மூன்றுதான் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது, ஐந்தாம் நாளுக்குள் அடங்கியது. இரண்டு வாரத்தில் தூக்கம் சீரானது. இந்த நிகழ்வில் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே காரண-விளைவு இதுதான்.

பாடம் நடத்திக் களைத்த மனத்தில் மன உறுதி தீர்ந்துபோகிறது, அதனால்தான் கை தானாக டப்பாவைத் தேடுகிறது என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லி வந்திருந்தேன். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும் சரக்கு என்ற அந்தக் கருத்தை 2016-ல் 23 ஆய்வகங்கள் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் சோதித்தபோது, குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தெரியவில்லை. இந்தச் சாக்கும் அத்துடன் போயிற்று.

இரண்டாம் பதிவு

மணி வந்த ஒன்பதாம் வாரத்தில் மகள் மறுபடியும் எண்ணினாள். குறித்த சிறுதீனி வேளைகளைச் சேர்க்காமல் 36 வரிகள் வந்தன: என்னுடையவை 14, மகனுடையவை 12, அவளுடையவை 7, மனைவியுடையவை 3. அவற்றில் 'பசி' 17. எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதைவிட, எஞ்சியதில் ஏறத்தாழப் பாதி உண்மைப் பசியாக இருந்ததே எனக்கு முக்கியமாகப் பட்டது. பசித்தால் மணிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் இந்த 17 எழுப்பின. வளரும் வயதில் இருக்கும் மகளுக்கு மாலைச் சிறுதீனியை அரை மணி முன்னால் நகர்த்தினோம்.

இந்த எண்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஒருவர் ஏட்டோடு வாசலில் நின்றால் போகிறவர் திரும்பிவிடுவார், எண்ணுவதே எண்ணிக்கையைக் குறைக்கும். போதாததற்கு, முதல் பதிவில் தன் வரிகளில் சிலவற்றை எழுதாமல் விட்டதாக மகள் பின்னர் ஒப்புக்கொண்டாள். 21 என்பது எத்தனையாக இருந்திருக்கும் என்று அவளுக்கே நினைவில்லை.

வரைவது என்ன ஆயிற்று என்பதை வாசகர் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். உணவு சீரான ஆறாம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் நான் ஒரு கோடும் இழுக்கவில்லை. தூக்கமும் பசியும் ஒழுங்காகியும் கை வராததால் கவலை வந்து மருத்துவரைப் பார்த்தேன். ஹீமோகுளோபின், தைராய்டு அளவுகள் சரியாக இருந்தன. மனச்சோர்வு நோய்க்கான கேள்விகளையும் அவர் கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் பசியும் தூக்கமும் மாறிக் கிடப்பவர், உணவு அட்டவணை போடுவதற்கு முன் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுவது நல்லது. நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன்.

பத்தாம் வாரத்தில் இரண்டு முன்வரைவுகள் வந்தன. அதே வாரத்தில் பதிப்பாளர் கெடுவை இரண்டு மாதம் நீட்டித்தார், மனைவியின் வேலை நேரம் மாறி அவர் மதியமே வீடு திரும்பத் தொடங்கினார், பதினோரு மணிச் சமையலறைப் பயணத்துக்குப் பதிலாகப் பிள்ளைகளோடு நடக்கப் போவதும் வழக்கமாகியிருந்தது. நடக்கும்போது புதிய எண்ணங்களின் எண்ணிக்கை சராசரியாக 60 விழுக்காடு கூடுவதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2014-ல் சொன்னது. உணவு ஒழுங்கையும் சேர்த்து இந்த நான்கில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வால் இயலாது.

என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு, ஆதாரம் இல்லாததால் கருத்தாகவே சொல்கிறேன். படைப்பு மனத்தில் ஊறும் காலம் என்று ஒன்றை கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1926-லேயே பிரித்துக் காட்டினார். வேலையைக் கீழே வைத்துவிட்டு வேறெதிலாவது இருக்கும்போது அது உள்ளே தன்பாட்டுக்கு ஊறும். நான் சமையலறைக்குப் போனபோது வேலையைக் கீழே வைக்கவில்லை, வாயில் ஒன்றைப் போட்டு மென்றபடி அதையும் மென்றுகொண்டிருந்தேன். வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. சலிப்பு வருகிற அந்த நிமிடத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்ததால், சலிப்பு தன் வேலையைச் செய்ய இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது படக்கதை ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் மணி அடிப்பதில்லை, அந்த இரண்டு நாளும் பழைய கதைதான். மூன்றாம் பதிவை எடுக்கச் சொன்னபோது மகள் மறுத்துவிட்டாள். மற்றவர் காரணத்தைக் கேட்டு எழுதி அலுத்துவிட்டதாம், அவரவர் வரியை அவரவரே எழுதிக்கொள்ளட்டும் என்றாள். ஏடும் பென்சிலும் சமையலறைக் கதவில் தொங்குகின்றன. இந்த வாரம் என் பெயரில் நான்கு வரிகள் இருக்கின்றன. மூன்றில் 'பசி' என்று எழுதியிருக்கிறேன், நான்காவதில் காரணத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.